குளம் ஆடிய பிள்ளைகள்

பெப்ரவரி 9, திங்கள்

காலையில் கடும் பனி. எட்டரை மணி வரைக்கும் றோட்டே தெரியவில்லை. தொண்டை அடைப்பு, இலேசான காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். நடன வகுப்புப் பிள்ளைகள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. காய்ச்சலும் விட்டது. கச்சான் கடலை வாங்கலாம் என்று சைக்கிளில் போனேன். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த ஒழுங்கை. விசுவமடுச் சந்தியிலிருந்து நாலு கட்டை தூரம். பக்கத்துத் தோட்டங்களில் கச்சான் பிடுங்குகிற காலம், ஒழுங்கை முழுக்க மண் வாசம்.

பாலை மரத்தின் கீழ் ஏழு பிள்ளைகள். முன்னால் ஒரு நெட்டையான பெண்பிள்ளை, கையில் தடி, கவிழ்த்து வைத்த பெயின்ற் வாளி. அவள் தட்டத் தட்ட மற்ற ஆறும் தட்டடவு போடுகின்றன. வாயில் தெய்யா தெய் என்ற சொல்லுக்கட்டு இல்லை. ஏழாம் வாய்ப்பாடு.

"ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு அம்பத்தாறு."

கடைசியில் நின்ற சின்னது கால் மாறிப் போட்டது. நெட்டைப் பிள்ளை தடியை நிறுத்தினாள். "மறுபடி. கால் சரியா வந்தா கணக்கும் சரியா வரும்."

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு இல்ல, டீச்சர்."

"நான் ரீச்சர் எண்டு எப்பிடித் தெரியும்?"

"எல்லாரும் எங்க மூஞ்சியப் பாப்பாங்க. நீங்க காலப் பாத்தீங்க."

பெயர் ரம்யா. வயது பதினைந்து. தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவள். அங்கே ஒரு அக்கா நடனம் சொல்லிக் கொடுத்தாவாம். தாய் வசந்தி கச்சான் செடிக் கட்டுடன் வந்தா. வந்து ஏழு மாதம். தகப்பன் இன்னும் அங்கே, பெயின்ற் வேலை, பத்திரம் சரிவந்ததும் வருவார். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு கொழும்பில் நிற்கிறது.

"பதிவு வரட்டும், பாப்பம் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லிப் போட்டினம், ரீச்சர்."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

எங்கள் பள்ளிக்கூடம். நான் பதினொரு வருடமாகப் படிப்பிக்கும் இடம். இவர்கள் வந்து அதிபரின் கந்தோர் அறை வாசலில் நின்ற அன்று நான் நாலு அறை தள்ளி நாட்டடவு சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

கச்சான் வாங்க மறந்து திரும்பிவிட்டேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

அதிபருடன் அரை மணி நேரம். கூடாத மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"ரீச்சர், நாளைக்கு வலயக் கல்விக் கந்தோரிலயிருந்து வந்து, பத்திரம் இல்லாத பிள்ளையை எப்பிடிச் சேர்த்தனீர் எண்டு கேட்டா ஆர் பதில் சொல்லுறது?"

"கேட்டுப் பாருங்கோவன், சேர். எழுதிக் கேளுங்கோ. ஜி.எஸ்.ஸிட்டக் கடிதம் நான் எடுத்துத் தாறன்."

சின்னதுகள் ஆறையும், வலயம் ஓம் என்றால், வயதுக்கேற்ற வகுப்பில் விடலாமாம். ரம்யாதான் சிக்கல். பத்தாம் வகுப்பில் இருக்க வேண்டிய வயது. "இலங்கை வரலாறு ஒரு எழுத்துப் படிக்கேல்ல. எட்டில விடுவம்."

எட்டில் விட்டால் அவள் வரமாட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் நடுவில் இவள் தலை மட்டும் மேலே நிற்கும். ஏற்கெனவே ஒழுங்கையில் அவளுக்கு 'இந்தியாக்காரி' என்று பெயர்.

"சோதினை வையுங்கோ சேர். வரலாறும் கணக்கும். நீங்களே கேள்வி போடுங்கோ. பாஸ் எண்டா பத்தில விடுங்கோ."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்ச் 4 என்றார். மூன்று கிழமை.

தொண்டை இன்னும் சரியில்லை. மல்லித்தண்ணி இரண்டு தரம்.

பெப்ரவரி 11, புதன்

செய்ய வேண்டியவை:
ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், ஏழு பிள்ளைக்கும்.
பழைய வரலாற்றுப் புத்தகம் 6, 7, 8, 9. (பிள்ளைகளிடம் கேட்க.)
ஒழுங்கையிலிருந்து பள்ளிக்கூடம் பஸ்ஸில். சீசன் ரிக்கற். சீருடை, சப்பாத்து. ஆர் தருவது?
சிவமலர் அக்கா.
இவருடைய சேர்ட்டுக்குப் பொத்தான்.

சிவமலர் அக்கா முல்லைத்தீவில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு. இப்போது நோர்வேயில், வயதானவர்கள் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை. போன வருடம் கதைத்தபோது, படிக்க வசதியில்லாத பிள்ளைகள் இருந்தால் சொல்லு, என்னோடு வேலை செய்யிற ஆக்கள் ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பெடுப்பினம் என்றா. செய்தி அனுப்பினேன்.

பெப்ரவரி 14, சனி

வரலாறு தொடங்கியாயிற்று. பாலை மரத்தடிதான் வகுப்பு. ரம்யாவுக்குச் சோழர் தெரியும், உப்புக்கு நடந்த கதை தெரியும். அநுராதபுரம் தெரியாது.

வாசித்தாள். வேகமாக வாசிக்கிறாள். நிமிர்ந்து கேட்டாள்: "இந்த ராஜாங்க எல்லாம் ஏன் டீச்சர் குளம் குளமா வெட்டிருக்காங்க?"

அவளுக்குக் குளம் என்றால் முகாமுக்குப் பின்னால் இருந்த குட்டை. எருமை படுக்கும். சரி, வாருங்கோ என்று எல்லாரையும் நடத்திக் குளக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். குளக்கட்டின் மேல் ஏறினோம். அந்தப் பக்கம் தண்ணீர், கண் எட்டும் வரை. இந்தப் பக்கம் வயல், வெட்டு மெசின் ஓடுகிறது. சின்ன யாழினி (ஆறு வயது, கால் மாறிப் போட்டவள்) என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடலா டீச்சர்?"

என் கணவர் பக்கத்து வயலில் ஒருவருடைய தண்ணீர் பம்ப் திருத்திக்கொண்டு இருந்தவர், எங்களைக் கண்டு வந்தார். கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மேலால் வான் பாய்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். முதலில் வாயால். பிறகு கையால். தண்ணீர் ஏறி ஏறி, கட்டின் விளிம்புக்கு வந்து, நின்று, பிறகு வானுக்கு மேலால் விழுந்து ஓடுவது. தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் அசைகிறது. ஒயில் கறை படிந்த கை. இந்த மனிதனுக்கு ஆட்டம் வராது என்று பதினெட்டு வருடமாக நினைத்திருந்தேன்.

பிள்ளைகள் அப்படியே செய்து காட்டினார்கள். ரம்யா இரண்டு தரம் பார்த்துவிட்டு மூன்றாம் தரம் அதற்குக் கால் போட்டாள்.

திரும்பி வரும்போது அவளே சொன்னாள்: "மின்னேரியா குளம், மகாசேனன். கலாவாவி, தாதுசேனன். இத ஜதில போட்டா மறக்காது, டீச்சர்."

பெப்ரவரி 17, செவ்வாய்

ஜி.எஸ். கடிதம் கிடைத்தது. ஏழும். மனிதர் தேத்தண்ணியும் தந்தார். அதிபர் வலயத்துக்கு எழுதிவிட்டார்.

பின்னேரம் சிவமலர் அக்கா கோல் எடுத்தா. (இனி சி.அ.) பின்னால் பாத்திரச் சத்தம். 27ஆம் திகதி லீவில் வருகிறா. ஏழு பேருக்கும் ஆள் பார்க்கலாமாம்.

"ஆனா ஜெசி, ஒரு வீடியோ வேணும். பிள்ளையள் ஆடுறது. வள்ளத்தில போனது, முகாம், இடம்பெயர்வு, அப்பிடி ஒண்டு போடு. பாக்கிற சனத்துக்குக் கண்ணீர் வரவேணும். பழைய உடுப்போட ஆடினாலும் நல்லது."

ஓம் அக்கா என்றேன். யோசிக்கவே இல்லை. உடனே மனதில் அடவுகூட வந்துவிட்டது. வள்ளம், அலை, குழந்தையை அணைக்கும் கை. எனக்கு நன்றாக வரும் சங்கதிதான்.

பெப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பலுடன் பள்ளிக்கூடம். இறைச்சி கேட்கக் கூடாது என்று இவரிடம் சொன்னேன், தவக்காலம் நாற்பது நாளும். முகம் சுருங்கியது.

பின்னேரம் பாலை மரம். நடனத்தைப் பற்றிச் சொன்னேன். சின்னதுகள் சரி என்றன. ரம்யா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டாள்.

"நான் அழுது ஆட மாட்டேன், டீச்சர்."

"நடிப்புத்தானே, பிள்ளை."

"முகாமுக்குக் கார்ல ஆளுங்க வருவாங்க. எங்களக் கூப்புடுவாங்க. அஞ்சு வயசுலேர்ந்து அழுது அழுது ஆடிருக்கேன். போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க. படகுல வந்தவங்க எங்கம்மா. நான் அங்க பொறந்தவ. எனக்கு அந்தப் படகே தெரியாது. அம்மாவோட அழுகைய என் மூஞ்சில வச்சு ஆடணுமா?"

"உனக்காக இல்லாட்டியும் சின்னதுகளுக்காக."

இப்படிச் சொன்னேன். எழுதி வைக்கிறேன், சொன்னது நான்தான் என்று மறக்காமல் இருக்க. அவள் கண் அப்படியே நின்றது. எழும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். தங்கை ஷாலினி மட்டும், "அக்கா வரமாட்டா, டீச்சர்," என்றாள்.

பெப்ரவரி 19, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. நேற்றைய வார்த்தை.

சண்டை முடிந்த வருடம் நானும் இங்கே முகாமில் இருந்தவள். அப்போது வயது இருபத்தேழு. கூடாரத்துப் பிள்ளைகளைச் சேர்த்து நடனம் சொல்லிக் கொடுத்தேன். பார்க்க ஆட்கள் வருவார்கள் என்றால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவேன். அவர்கள் அடவைப் பார்க்கவே மாட்டார்கள். செருப்பில்லாத காலைப் பார்ப்பார்கள். அது எனக்குக் குத்தும். குத்தினாலும் அடுத்த முறையும் நிறுத்துவேன், பால்மா தருவார்கள் என்பதற்காக. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட என்னிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இவரிடம் சொன்னேன். பம்ப் ஒன்றின் வயிற்றுக்குள் கையை விட்டபடி கேட்டார். "அந்தப் பிள்ளை சொல்லுறது சரி. அக்காவுக்கு நீ சொல்லு."

"அவா கோவிப்பா."

"கோவிக்கட்டும்."

இவருக்கென்ன, சுலபம்.

பெப்ரவரி 21, சனி

காலையில் ரம்யாவிடம் போனேன். செடியிலிருந்து கச்சான் ஆய்ந்துகொண்டு இருந்தாள். பக்கத்தில் இருந்து நானும் ஆய்ந்தேன். ஒரு கட்டு முடிந்த பிறகு சொன்னேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை. நீ என்ன ஆட விருப்பம்?"

செடியை உதறினாள்.

"குளம், டீச்சர்."

பின்னேரம் சி.அ.வுக்கு எடுத்தேன். அழுகை இல்லை அக்கா, பிள்ளைகள் குளம் ஆடப் போகினம் என்றேன்.

"குளமோ? ஆர் பாப்பினம் குளத்தை? ஜெசி, நான் இஞ்ச ஒவ்வொருத்தரிட்டயாப் போய்க் கேக்கிறன். வேலை முடிஞ்சு கால் வீங்கின பிறகும் போய்க் கேக்கிறன். நீ எனக்குப் பாடம் எடுக்காதை."

போனை வைத்துவிட்டா.

ஏழு பிள்ளைகளின் பஸ்ஸும் கொப்பியும் சப்பாத்தும் அந்தத் தொலைபேசிக்குள் இருந்தன.

பெப்ரவரி 22, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. பின்னேரம் மூன்று மணிநேரப் பயிற்சி. சி.அ. கோபம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். முதற் பகுதி வந்துவிட்டது: வறண்ட நிலம், மண் சுமத்தல், கட்டுக் கட்டுதல். ஆறு பிள்ளையும் கைகோத்துக் கட்டாக நிற்க ரம்யா தண்ணீராக வருகிறாள். யாழினி கட்டின் நடுவில். ஒவ்வொரு தரமும் கட்டு அங்கேதான் உடைகிறது. சிரிப்பு.

பெப்ரவரி 24, செவ்வாய்

வசந்தி பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டா. வேலை உடுப்போடு.

"ரீச்சர், நாளையிலயிருந்து ரம்யா வரமாட்டாள். தோட்டக்காரர் இன்னும் ரெண்டு கிழமைக்குள்ள ஆய்ஞ்சு முடிக்கச் சொல்லுறார். நீங்கள் சொன்ன அந்த அக்காவும் கோவமாம். ஷாலினி சொன்னவள். பிறகென்னத்துக்கு?"

"சோதினை வாற கிழமை புதன், வசந்தி."

"பாஸ் பண்ணிப் போட்டு வீட்டில இருக்கிறதுக்கோ? அது அவளுக்கு இன்னும் நோகும். எனக்குத் தெரியும் ரீச்சர். நான் பத்தில முதலாம் பிள்ளை. சண்டை வந்து வள்ளம் ஏறினனான். புத்தகத்தைச் சாக்கில கட்டி வைச்சிட்டுப் போனனான், வந்து படிப்பம் எண்டு."

வாசலில் நின்றே அழுதா. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா உதவி செய்யாட்டி நான் பாக்கிறன்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. "சோதினையை மட்டும் எழுத விடுங்கோ. காலமை நான் வந்து கச்சான் ஆய்ஞ்சு தாறன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. "நீங்கள் ஆய்ஞ்ச கச்சானை ஷாலினி காட்டினவள். பாதி செடியிலயே கிடக்கு. வேண்டாம் ரீச்சர், நானே ஆயிறன்."

போகும்போது, "எழுதட்டும்," என்றா.

பெப்ரவரி 27, வெள்ளி

சி.அ. கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டா என்று அவவின் தங்கை சொன்னா. எனக்கு ஒரு செய்தியும் இல்லை.

பொதுநோக்கு மண்டபம் ஞாயிறு மூன்று மணிக்குக் கிடைத்திருக்கிறது. சி.அ. வந்தாலென்ன வராவிட்டாலென்ன, ஆடுகிறோம். அதிபருக்குச் சொன்னேன். பார்ப்பம் என்றார்.

உடுப்பு: பள்ளிக்கூட அலுமாரியில் இருந்து நீலப் பாவாடை ஏழு. யாழினிக்கு இடுப்பில் ஊசி நாலு.

மார்ச் 1, ஞாயிறு

எழுத எவ்வளவோ இருக்கிறது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கடும் வெயில். மண்டபத்தில் காற்றாடி ஒன்றுதான் சுற்றும். இரண்டே முக்காலுக்கு இருபது பேர்கூட இல்லை. மூன்று மணிக்குக் கச்சான் தோட்டத்துப் பெண்கள் அப்படியே வந்தார்கள், கால் முழுக்க மண். பிறகு வயல்காரர் சிலர். இவர் கூட்டி வந்தது என்று நினைக்கிறேன், கேட்டால் இல்லை என்கிறார். அதிபர் பிந்தி வந்து பின்கதிரையில் இருந்தார்.

சி.அ. வந்தா. மூன்றாம் வரிசை. என்னைப் பார்த்துத் தலையாட்டவில்லை. மடியில் போன்.

நான் தட்டுக்கழியுடன் ஓரத்தில்.

வறண்ட நிலம் நன்றாகப் போனது. மண் சுமந்தார்கள். கட்டு எழும்பியது. அப்போது ரம்யா முன்னுக்கு வந்து ஜதி சொன்னாள், தன் குரலில், கால் போட்டபடி: மின்னேரியா மகாசேனன், கலாவாவி தாதுசேனன், பராக்கிரம சமுத்திரம் பராக்கிரமபாகு. அதுவரைக்கும் பழகியது. அதன்பிறகு அவள் என்னைக் கேட்காமல் சேர்த்தது, எங்கள் பக்கத்துக் குளங்கள்: இரணைமடு. முத்தையன்கட்டு. வவுனிக்குளம். தண்ணிமுறிப்பு.

வயல்காரர் பக்கத்தில் அசைவு. ஒரு கிழவர் சத்தமாக, "உடையார்கட்டு," என்றார். ரம்யா ஒரு கணம் திகைத்தாள். அதையும் காலில் போட்டாள். "கல்மடு," என்றது இன்னொரு குரல். போட்டாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று, பின்னால் இருந்து ஒன்று. சனம் தங்கள் தங்கள் குளத்தின் பெயரைச் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றையும் தாளத்தில் பிடித்துக் காலில் இறக்கினாள். நான் அவளுக்குப் பின்னால் கழியுடன் ஓடினேன். இருபத்திரண்டு வருடம் நடனம் படிப்பிக்கிறேன், இப்படி ஒருநாளும் ஓடியதில்லை. அந்தப் பெயர்களில் பாதியை அவள் வாழ்நாளில் முதற்தரம் கேட்கிறாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

பிறகு தண்ணீர் ஏறியது. கட்டு நின்றது. யாழினி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கை விடவில்லை. ஏறி, ஏறி, விளிம்பில் நின்று, வான் பாய்ந்தது. ஏழு பிள்ளையும் மேடையிலிருந்து இறங்கிச் சனத்துக்கு நடுவால் ஓடினார்கள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண்கள் எழும்பி வழி விட்டார்கள். வசந்தி கையைத் தட்டவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. அழுகை இல்லை அது. சிரிப்பை அடக்க முடியாமல்.

கைதட்டு நிற்க நேரமெடுத்தது.

எல்லாரும் போன பிறகு சி.அ. வெளியே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில். யாழினியிடம் கட்டுக்குக் கை எப்படிக் கோப்பது என்று கேட்டுப் பழகிக்கொண்டு நின்றா. நான் போனதும் யாழினியை விட்டா.

"ஜெசி, நான் போன புதிசில அங்க ஒரு மேசைக்கு முன்னால இருத்தி வைச்சுக் கேட்டவங்கள். ஏன் வந்தனீ, என்ன நடந்தது. நாலு தரம். ஒவ்வொரு தரமும் அழுதனான். அழுதபடியாத்தான் இருக்க விட்டவங்கள் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பூட்டினேன்.

"அழாமலும் கேக்கலாம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

போனைக் காட்டினா. முழுவதும் எடுத்திருக்கிறா. நடுவில் கைதட்டப் போனதால் கொஞ்சம் கூரை.

மார்ச் 2, திங்கள்

விடிய ஐந்தரைக்குச் சி.அ.வின் கோல். வீடியோவை வேலையிடத்து ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறா. அங்கிருந்து ஒன்பது பேர் பொறுப்பெடுக்க முன்வந்திருக்கினமாம். பிள்ளைகள் ஏழுதான் என்று சொல்ல, மற்ற இரண்டு பேரும் வேறு பிள்ளை இல்லையோ என்று கேட்கினமாம். குசினிப் பொறுப்பாளர் நோர்வேக்காரி, வயது அறுபது, அவள்தான் முதல் ஆள். இந்தப் பிள்ளைகள் எதற்காக ஆற்றை மறிக்கினம் என்று கேட்டாளாம். சி.அ. அரை மணி நேரம் குளம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தியிருக்கிறா.

"கடைசியில என்ன சொன்னவள் தெரியுமே? அந்த நெட்டைப் பிள்ளை எனக்கு எண்டவள்."

பல் விளக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனேன். வசந்தி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. சொன்னேன். விளக்குமாறைச் சுவரில் சாத்தி வைத்தா, மெதுவாக, விழாத மாதிரி. பிறகு நிலத்தில் இருந்துவிட்டா.

ரம்யா கதவடியில் வந்து நின்று, "சோதனை இன்னும் இருக்கே, டீச்சர்," என்றாள்.

மார்ச் 4, புதன்

சோதனை. ஒன்பது மணி, அதிபரின் கந்தோருக்குப் பக்கத்து அறை. மேற்பார்வைக்கு விஞ்ஞான ஆசிரியர். நடுவில் வெளியே வந்து என்னிடம் முறையிட்டார்.

"ரீச்சர், அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழ காலைத் தட்டிக்கொண்டு எழுதுது. நிப்பாட்டச் சொல்லட்டோ?"

"தயவு செய்து சொல்லாதேங்கோ, சேர்."

மார்ச் 6, வெள்ளி

அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் விடைத்தாள்.

"மின்னேரியாக் கேள்வியை நான் வெட்டிப் போட்டன், ரீச்சர். அதை மேடையில பாத்திட்டன். அது நியாயமில்லை. புதுசா ரெண்டு கேள்வி போட்டன். பொலன்னறுவை, கரையோரம் பிடிச்ச வெள்ளைக்காரர்."

"சரி, சேர்."

"வரலாறு எழுபத்திநாலு. கணக்கு எண்பத்தொண்டு."

அவர் ஒரு கடிதத்தைத் தள்ளினார். வலயத்திலிருந்து. பதிவு வரும் வரைக்கும் பிள்ளைகளைச் சேர்க்காமல் வைத்திருக்கத் தேவையில்லை, ஜி.எஸ். கடிதம் போதும்.

"ஏழு மாதத்துக்கு முன்னமே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பினம்," என்றார். "நான் கேக்கேல்ல." கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சேர்வுப் புத்தகத்தை எடுத்துத் தன் கையாலேயே ஏழு பெயரையும் எழுதினார். ரம்யாவுக்கு நேரே, தரம் 10. மை காயும் வரைக்கும் புத்தகத்தை மூடவில்லை. நானும் நின்றேன்.

மார்ச் 7, சனி

சி.அ.வுடன் கிளிநொச்சிக்குப் பஸ். சப்பாத்து ஏழு சோடி. வெள்ளைத் துணி. கொப்பி. சி.அ. கடைக்காரருடன் விலை பேசியதில் நோர்வே ஒன்றும் தெரியவில்லை, அச்சொட்டாக முல்லைத்தீவுச் சந்தை. யாழினியின் கால் அளவை ஈர்க்கில் எடுத்துக்கொண்டு போனது நல்லதாய்ப் போயிற்று.

ரம்யாவின் தகப்பன் கோல் எடுத்தாராம். தரம் பத்து என்று சொன்னதும், பெயின்ற் அடிக்கிற ஏணியிலிருந்து இறங்கிப்போட்டுத்தான் திரும்பக் கதைத்தவராம்.

நோர்வேயில் மிஞ்சிய இரண்டு பேருக்கும் பிள்ளை கிடைத்துவிட்டது. மல்லாவிப் பக்கம், போன மாதம் திரும்பி வந்த குடும்பம். வருகிற சனி போய்ப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

பனி இல்லை. வெளிச்சமான காலை.

ஆறே முக்காலுக்கு ஒழுங்கை முகப்பில் நின்றேன், அவர்களோடு பஸ் ஏற. ஏழு வெள்ளைச் சீருடை. ஷாலினியின் கழுத்து ரை பின்பக்கம் திரும்பியிருந்தது. தாய்மார் எல்லாரும் வந்து நின்றார்கள், வேலைக்குப் பிந்துகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கொண்டக்டர் கதவில் தொங்கியபடி கேட்டார்: "எல்லாம் பள்ளிக்கூடமோ?"

"ஓம்," என்றா வசந்தி. "எல்லாம்."

முதலாம் பாடம் யாழினியின் வகுப்பைக் கடந்து போனேன். அழவில்லை. பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பரைப் பிடுங்கிக்கொண்டு இருந்தாள்.

ஆறாம் பாடம் பத்தாம் வகுப்புக்கு நடனம். மண்டபத்துக்கு வந்தார்கள், ரம்யா கடைசி ஆளாக. சப்பாத்தைக் கழற்றி மற்றவர்களின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், நேராக. எங்கே நிற்பது என்று தெரியாமல் பின்னுக்கு நின்றாள். இரண்டாம் வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் தாமாக விலகி நடுவில் இடம் விட்டார்கள். ஒருத்தி கேட்டது எனக்கும் கேட்டது: "உடையார்கட்டு எண்டு எங்கட அப்பப்பா கத்தினதை நீ எப்பிடி உடன காலில போட்டனீ? எனக்கும் சொல்லித் தாறியே?"

"அரமண்டில நில்லு, சொல்றேன்," என்றாள் ரம்யா.

வரவு எடுத்தேன். முப்பத்தொரு பெயர். எல்லாரும் வந்திருந்தார்கள். கழியை எடுத்தேன்.